யாழ்ப்பாணத்தில் காசு இருக்கிறது, வேலை ஏன் இல்லை?

தம்பி கேட்டிருப்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டம் முடித்து இரண்டு வருடம். பின்னேரங்களில் ரியூட்டரியில் படிப்பிக்கிறார். அரச நியமனம் இன்று வரும், நாளை வரும் என்று வீட்டில் காத்திருக்கிறார்கள். கனடாவில் இருக்கும் அண்ணன் 15 இலட்சம் ரூபா தரலாம் என்கிறார். அதை ஏஜென்சிக்குக் கட்டி வெளியே போவதா, இங்கேயே ஏதாவது தொடங்குவதா என்பது அவருடைய சொந்தக் கேள்வி. கூடவே பொதுவான ஒன்றையும் கேட்கிறார்: யுத்தம் முடிந்து பதினைந்து வருடம் கடந்தும் இங்கே இளைஞர்களுக்கு ஏன் வேலை இல்லை, பெரிய தொழிற்சாலைகள் வந்தால் இது தீருமா?

நான் வடக்கில் கூட்டுறவு, சிறுகடன், தொழிற்பயிற்சி என்று இந்தப் பக்கமே நெடுங்காலம் வேலை செய்து வருகிறவன். என் முடிவை முன்னமே சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் காசுக்குப் பஞ்சமில்லை, வேலை செய்யக்கூடிய ஆட்களுக்கும் பஞ்சமில்லை. இந்த இரண்டும் ஒன்று சேருகிற இடம்தான் இல்லை. அதாவது பத்துப் பேர், இருபது பேர் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்து, தொழிலும் பழகி, ஓய்வுகாலத்துக்கான சேமலாப நிதியும் கட்டப்படுகிற சிறு தொழிலகங்கள். ஒரு பக்கம் ஒற்றை ஆள் கடைகளும் ஓட்டோக்களும், மறுபக்கம் கச்சேரி என்கிற மாவட்டச் செயலகமும் வங்கியும். நடுவில் வெறுமை. அந்த நடுப்பகுதியைக் கட்டாமல் எதைச் செய்தாலும் பெடியள் ஒன்றில் காத்திருப்பார்கள், இல்லாவிட்டால் விமானம் ஏறுவார்கள்.

புள்ளிவிபரத்தைப் பார்த்தால் இந்த வெறுமை தெரியாது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணக்குப்படி, கணக்கெடுத்த வாரத்தில் சம்பளத்துக்கோ இலாபத்துக்கோ ஒரு மணித்தியாலம் வேலை செய்தவரும் வேலையில் உள்ளவர்தான். ரியூட்டரியில் கிழமைக்கு நாலு வகுப்பு எடுக்கிற நீங்களும் அந்தக் கணக்கில் வேலையற்றவர் இல்லை. அதனால்தான் நாட்டின் பொதுவான வேலையின்மை 4, 5 சதவீதம் என்று அழகாக நிற்கிறது. ஆனால் 15 முதல் 24 வயது வரையானவர்களை மட்டும் எடுத்தால் அதே கணக்கிலேயே 20 சதவீதத்தைத் தாண்டிவிடும். ஏ.எல். வரைக்கும் அதற்கு மேலும் படித்த பெண்களிடம் நிலைமை இன்னும் மோசம். நாடு முழுவதிலும் வேலைச் சந்தைக்குள் வருகிற பெண்கள் மூன்றில் ஒரு பங்குதான். வீட்டோடு இருந்து, தேடுவதையே நிறுத்திவிட்ட பிள்ளைகள் எந்தக் கணக்கிலும் இல்லை.

"எங்கள் பெடியளுக்கு அரசாங்க உத்தியோக மோகம்" என்பார்கள். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்ற பழமொழி நம்முடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் அது வானத்திலிருந்து விழவில்லை. 19ஆம் நூற்றாண்டில் மிஷன் பள்ளிக்கூடங்கள் வந்து ஆங்கிலம் படிப்பித்தன. படித்தவர்கள் கொழும்புக்கும் மலாயாவுக்கும் கிளார்க்காகவும் ஸ்ரேசன் மாஸ்டராகவும் போனார்கள். அவர்கள் அனுப்பிய மணியோடரில் கல்வீடும் கோயில் திருப்பணியும் சீதனமும் நடந்தன. தண்ணீர் குறைந்த, காணி துண்டுபட்ட ஒரு குடாநாட்டில் அது மிகவும் புத்தியான முதலீடாகத்தான் இருந்தது. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் அந்த வாசலைச் சாத்தியது. எழுபதுகளில் பல்கலைக்கழக அனுமதிப் புள்ளிகளை மாற்றிய தரப்படுத்தல் அந்த வாசலையும் ஒடுக்கியது. அடுத்து நடந்தது எல்லாருக்கும் தெரியும்.

படித்த பிள்ளைகளின் எதிர்பார்ப்புக்கும் கிடைக்கிற வேலைக்கும் பொருத்தமில்லை என்பதை 1971இலேயே டட்லி சியர்ஸ் தலைமையில் வந்த சர்வதேச தொழில் நிறுவனக் குழு இந்த நாட்டுக்கு எடுத்துச் சொன்னது. அதே வருடம்தான் தெற்கில் சிங்கள இளைஞர்களின் கிளர்ச்சியும் வெடித்தது. அரை நூற்றாண்டாக அதே விளக்கத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லி, பிழையை இளைஞரின் மனத்தில் போடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு தனியார் கடையில் நியமனக் கடிதம் இல்லை, ஞாயிறு லீவு உறுதியில்லை, முதலாளி 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் போட வேண்டிய சேமலாப நிதி கட்டப்படுவதில்லை. அரச வேலையில் ஓய்வூதியம், கடன் எடுக்கும் தகுதி, கலியாணச் சந்தையில் ஒரு மதிப்பு. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற எந்தப் பிள்ளையும் காத்திருக்கத்தான் செய்யும். 2017 பெப்ரவரி கடைசியில் கச்சேரிக்கு முன்னால் தொடங்கி மாதக் கணக்காக இருந்த வேலையற்ற பட்டதாரிகளை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அரச நியமனம் இதற்குத் தீர்வா என்றால், இல்லை. 2020இல் நாடெங்கும் 50,000 அளவில் பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபா கொடுப்பனவுடன் பயிலுநராகச் சேர்த்தார்கள். பிரதேச செயலகங்களுக்குப் போய்ப் பாருங்கள், ஒரு மேசைக்கு இரண்டு அபிவிருத்தி உத்தியோகத்தர். கெட்டிக்காரப் பிள்ளைகள், செய்வதற்கு வேலை இல்லாமல் இருக்கிறார்கள். 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த பிறகு இன்னொரு பெரிய நியமன அலையை எதிர்பார்த்து வயதைக் கரைப்பது ஆபத்து.

சரி, யுத்தம் முடிந்த கையோடு வந்த காசு எங்கே போனது? 2009க்குப் பிறகு இரண்டு மூன்று வருடம் வட மாகாணத்தின் பொருளாதாரம் இரட்டை இலக்கத்தில் வளர்ந்தது. ஏ9 வீதி திறந்தது, யாழ்தேவி ரயில் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வந்தது, தெருவெல்லாம் காபெற். அந்த வளர்ச்சியின் பெரும் பகுதி கொந்தராத்து வளர்ச்சி. தண்டவாளத்தை இந்தியாவின் இர்கொன் கம்பனி போட்டது. ஏ9 வீதி வேலையைச் சீனக் கம்பனிகள் எடுத்தன. இயந்திரமும் ஒப்பரேற்றரும் வெளியிலிருந்து வந்தார்கள். நம்முடைய பெடியள் கொடி பிடித்து வாகனத்தை மறித்து விட்டார்கள். வீதி முடிந்தது, கம்பனி போனது, இங்கே ஒரு ரோலர் ஓட்டுநர்கூட மிஞ்சவில்லை. இதற்கு மாறாக இந்திய உதவியில் வந்த 50,000 வீட்டுத் திட்டத்தில் பெரும்பாலும் வீட்டுக்காரர் கையிலேயே பகுதி பகுதியாகக் காசு கொடுத்துக் கட்ட வைத்தார்கள். அதில் குறையும் இருந்தது, பொருட்களின் விலை ஏறிக் கடன்பட்டவர்களும் உண்டு. ஆனால் அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் மேசன்மாரும் தச்சர்களும் உருவானார்கள், இன்றைக்கும் தொழில் செய்கிறார்கள். ஒரே மாதிரி உதவிக் காசுதான். கொடுத்த விதத்தில்தான் வீட்டுத் திட்டம் ஊருக்குத் தொழிலைத் தந்துவிட்டுப் போனது, வீதி வேலை தாரை மட்டும் தந்துவிட்டுப் போனது.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. பொஸ்னியாவில் யுத்தத்தை முடித்த 1995 டேற்றன் ஒப்பந்தத்துக்குப் பிறகு கொட்டிய உதவி வீதியாகவும் பாலமாகவும் ஆனது. சமாதானம் வந்து பதினைந்து வருடம் தாண்டிய பிறகும் இளைஞர் வேலையின்மை 60 வீதத்தை ஒட்டி நின்றது, பிள்ளைகள் ஜேர்மனிக்கும் ஒஸ்திரியாவுக்கும் போய்க்கொண்டே இருந்தார்கள். சியரா லியோனில் யுத்தம் முடிந்த 2002க்குப் பிறகு முன்னாள் போராளிகள் பலர் மோட்டார் சைக்கிள் டாக்சிக்குப் போனார்கள். சங்கம் அமைத்துக்கொண்டதால் ஓரளவு பாதுகாப்புக் கிடைத்தது. ஆனால் ஒரு தலைமுறை அந்த இருக்கையிலேயே தங்கிவிட்டது. எங்கள் ஓட்டோப் பெடியளைப் பார்க்கும்போது எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

ஏ9 திறந்தபோது நடந்த இன்னொன்றைப் பலர் கவனிக்கவில்லை. யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது இங்கே சவர்க்காரம் செய்தார்கள், மெழுகுதிரி செய்தார்கள், பிஸ்கற், சோடா எல்லாம் உள்ளூர்ச் சரக்கு. பெற்றோல் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடவைத்த மெக்கானிக்மார் இருந்தார்கள், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டோம். பாதை திறந்ததும் கொழும்புச் சரக்கு லொறி லொறியாக வந்து இறங்கியது. விலையிலும் பொதியிலும் போட்டிபோட முடியாமல் அந்தச் சிறு உற்பத்திகள் சத்தமில்லாமல் மூடிக்கொண்டன. கூடவே வங்கிக் கிளைகளும் லீசிங் கம்பனிகளும் வந்தன. வங்கி வைப்பை வாங்கியது, நகையை அடகு பிடித்தது. லீசிங்காரர் முச்சக்கர வண்டியும் மோட்டார் சைக்கிளும் கொடுத்தார்கள். தொழில் தொடங்கக் கடன் கேட்டவரிடம் மட்டும் இரண்டு அரச உத்தியோகத்தரைப் பிணைக்குக் கொண்டுவா என்றார்கள். காணியை ஈடு வைக்கலாமென்றால் உறுதி ஒருவர் பெயரில், உரித்துக்காரர் அஞ்சு பேர் மூன்று நாட்டில். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி கலியாணமான பெண் தன் சீதனக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். கணவன் காணாமல் ஆக்கப்பட்ட ஒரு பெண் என்ன செய்வாள்? நுண்கடன்காரரிடம் போனாள். அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு, வறட்சி மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் வரையான கடனை 2018இல் அரசே தள்ளுபடி செய்ய வேண்டி வந்ததே சாட்சி.

விவசாயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இளைஞருக்கு வேலை கொடுத்த அனுபவம் எங்களுக்கு அங்கேதான் உண்டு. அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளிலும் விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கம் படித்த வாலிபர் திட்டம் என்று காணி கொடுத்து இளைஞரைக் குடியேற்றினார்கள். 1970க்குப் பிறகு வெங்காயம், மிளகாய் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. நல்ல விலை கிடைத்தது. எஸ்.எஸ்.சி. படித்த பெடியள் தண்ணீர்ப் பம்பும் உழவு மெஷினும் வாங்கினார்கள், தங்கச்சிமாரைக் கட்டிக்கொடுத்தார்கள். அப்போது யாரும் "இவன் தோட்டக்காரன்" என்று முகம் சுழிக்கவில்லை. 1977இல் சந்தை திறந்ததும் விலை விழுந்தது, அந்த நம்பிக்கையும் விழுந்தது. வருமானம் வந்தால் மதிப்புத் தானாக வரும், எங்கள் ஊரிலேயே அது நடந்திருக்கிறது.

இன்றைக்கு மருதனார்மடம் சந்தைக்கு விடியப் போய் நில்லுங்கள். செம்மண் படிந்த பீற்றூட், கரட், பிடி கட்டிய வெங்காயம், வாழைக்குலை. தோட்டக்காரர் 100 கிலோ கொண்டுவந்து இறக்கினால் கழிவு என்று 10 கிலோவை வெட்டிவிட்டு 90 கிலோவுக்குத்தான் காசு. இந்தக் கழிவை நிறுத்தச் சொல்லி எத்தனையோ கூட்டம் நடந்துவிட்டது. விலையை முடிவு செய்வது வியாபாரி. நல்ல சரக்கு லொறி ஏறித் தம்புள்ளைக்குப் போகிறது. மாரி மழையில் அழியாமல் தப்பி விளைச்சல் கூடினால் எல்லாருடைய வெங்காயமும் ஒரே மாதத்தில் சந்தைக்கு வரும். கொட்டிலில் பிடி பிடியாகக் கட்டித் தொங்கவிட்டால் சில மாதம் தாங்கும், ஆனால் கடன் வாங்கி நட்டவர் தாங்க மாட்டார், வந்த விலைக்குக் கொடுப்பார். இந்த இடத்தில்தான் வேலை ஒளிந்திருக்கிறது. தரம் பிரிக்க, காற்றோட்டமாகச் சேமிக்க, தோல் உரித்துப் பொதி செய்ய, ஹோட்டலுக்கும் சுப்பர் மார்க்கற்றுக்கும் கணக்கெழுதி அனுப்ப ஆட்கள் தேவை. ஒரு ஊருக்கு ஒரு களஞ்சியமும் அதைச் சுற்றிப் பதினைந்து சம்பளக்காரரும் இருந்தால், அந்தப் பதினைந்தில் கணக்குக்காரரும் உண்டு, மெஷின் பார்ப்பவரும் உண்டு, லொறி ஓட்டுபவரும் உண்டு. பட்டதாரிக்கும் ஓ.எல். விட்ட பிள்ளைக்கும் ஒரே கூரையின் கீழ் இடம்.

கடலிலும் இதே கதை, அங்கே இன்னும் ஒரு கொடுமை சேர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் கிழமையில் மூன்று இரவு வந்து அடிமடியை வாரிக்கொண்டு போகின்றன, எங்கள் ஆட்களின் வலையையும் அறுத்துக்கொண்டு போகின்றன. இழுவை மடியை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடை செய்தது. எங்கள் பக்கத்திலும் சிலர் அதை மீறுகிறார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். 2022இல் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனபோது பல இளம் மீனவர்கள் வள்ளத்தைக் கரையில் ஏற்றியதோடு சரி. ஒரு வலைத் தொகுதி பல இலட்சம், ஒரு இரவில் போய்விடும். தகப்பனே மகனைக் கடலுக்கு வராதே என்கிறார். இந்த விஷயம் டில்லியும் கொழும்பும் சென்னையும் பேசித் தீர்க்க வேண்டியது. தொழிற்பயிற்சி கொடுத்து இதை மாற்ற முடியாது.

ஆனால் அதே கடலில் ஒரு நல்ல உதாரணமும் இருக்கிறது. குடாநாட்டில் நீலக்கால் நண்டு பதப்படுத்தும் நிலையங்கள் சில ஓடுகின்றன. உள்ளே போய்ப் பார்த்தால், தலையை மூடிய தொப்பியும் வெள்ளைப் பூட்சுமாகப் பெண்பிள்ளைகள் நீள மேசையில் நிரையாக நின்று அவித்த நண்டைப் பிரிக்கிறார்கள். உடம்புச் சதையை உடையாமல் முழுசாக எடுத்தால் ஒரு தரம், உடைந்தால் இன்னொன்று, காலுக்கு வேறு. ஓட்டுத் துண்டு ஒன்று தப்பிப் போனாலும் வெளிநாட்டில் திருப்பிவிடுவான் என்று ஒரு அக்கா நீல வெளிச்சத்துக்குக் கீழே பிடித்து மறுபடி தடவிப் பார்க்கிறார். அந்த விரல் பழக்கம் வர மாதக் கணக்கு ஆகும். வேலை நேரம் தெரியும், பஸ் வரும், கூட்டமாக வீடு போவார்கள், அதனால் தாய்மார் பயமில்லாமல் அனுப்புகிறார்கள். பெண்களை வேலைக்குக் கொண்டுவர எதைச் செய்ய வேண்டும் என்று கருத்தரங்கில் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: நேரத்துக்கு ஒரு பஸ், பூட்டுள்ள ஒரு கழிவறை, சின்னப் பிள்ளையை விட ஒரு இடம்.

பெரிய தொழிற்சாலை பற்றிக் கேட்டீர்கள். வரட்டும், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கிளிநொச்சியில் எம்.ஏ.எஸ். ஆடைத் தொழிற்சாலைகள் வந்து பல குடும்பங்களில் அடுப்பு எரிகிறது. அச்சுவேலிக் கைத்தொழில் பேட்டையை 2014இல் இந்திய உதவியில் திரும்பத் திறந்தார்கள். இப்போது காங்கேசன்துறை, மாங்குளம், பரந்தன் மூன்று இடத்திலும் முதலீட்டு வலயம் என்று அரசு அறிவித்திருக்கிறது. ஆனால் மாகாணம் முழுவதையும் சேர்த்தாலும் நாட்டின் உற்பத்தியில் 4 வீதத்தை ஒட்டித்தான் நிற்கிறது, ஒன்பது மாகாணங்களிலும் கடைசி. இப்படியான இடத்துக்கு வருகிற முதலீட்டாளர் மலிவான கூலியைத் தேடித்தான் முதலில் வருவார். எனவே வலயம் போடும்போதே நிபந்தனை போட வேண்டும்: திருத்த வேலை, உணவு, போக்குவரத்து, பொதி இவற்றை உள்ளூர்ச் சிறு நிறுவனங்களிடம் எடுக்க வேண்டும், ஒவ்வொரு கொந்தராத்திலும் சம்பளத்தோடு பயிலுநர் இருக்க வேண்டும். ஏ9 வீதியில் விட்டதை இன்னொரு முறை விடக்கூடாது.

பழைய சீமெந்துத் தொழிற்சாலையைத் திரும்ப இயக்கச் சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1950 தொடக்கம் 1990 வரை காங்கேசன்துறை பலருக்குச் சோறு போட்டது உண்மை. ஆனால் அது தோண்டியது எங்கள் சுண்ணக்கல்லை. குடாநாட்டின் நல்ல தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது அந்தக் கல்தான். அதை வெட்டி வேலை கொடுத்தால் பத்து வருடத்தில் தோட்டமும் இல்லை, கிணறும் இல்லை. காணியிலும் துறைமுகத்திலும் வேறு தொழில் வரட்டும்.

தொழிற்பயிற்சிப் பக்கம் வசதி இல்லை என்று சொல்ல முடியாது. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறந்த ஜேர்மன் தொழிற்பயிற்சி நிலையம், யாழ்ப்பாணம் தொழில்நுட்பக் கல்லூரி, தொழிற்பயிற்சி அதிகாரசபை, எல்லாம் இருக்கின்றன. என்.வி.கியூ. என்கிற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழும் கிடைக்கும். கையில் தொழில் இருந்து கடதாசி இல்லாத மேசனோ வயரிங் பெடியனோ முன் அனுபவத்தைக் காட்டியே அந்தச் சான்றிதழை எடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. குளிரூட்டி, சூரிய மின்கலம், அலுமினியம், சீசீரீவி வேலைகளுக்கு இங்கே ஆள் தட்டுப்பாடு. நல்ல மேசனின் நாட்கூலி எத்தனையோ அலுவலகப் பிள்ளைகளின் நாட்சம்பளத்தைவிடக் கூட. பிறகும் ஏன் பிள்ளைகள் வருவதில்லை? தொழிலுக்கும் சாதிக்கும் நாங்கள் போட்டு வைத்த முடிச்சு இன்னும் அவிழவில்லை. தச்சு, கொல்லு, கள்ளுச் சீவல் என்றால் இன்ன ஆட்களின் வேலை என்ற நினைப்பு, வாயால் சொல்லாவிட்டாலும் வீட்டுக்குள் இருக்கிறது. 1972இல் தொடங்கிய பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் சீவல் தொழிலாளரைத் தனியார் கள்ளுத் தவறணைக்காரரின் பிடியிலிருந்து வெளியே கொண்டுவந்தன. சங்கம், அலுவலகம், சேமிப்பு என்று வந்தபோது அந்தக் குடும்பங்களின் நிமிர்வே வேறு. எந்தத் தொழிலுக்கும் ஒரு பெயர்ப்பலகையும் சம்பளச் சிட்டையும் சேரும்போது முடிச்சுத் தளரும் என்று நான் நம்புகிறேன்.

யுத்தத்துக்குப் பிறகு புனர்வாழ்வு பெற்று வந்த சுமார் 12,000 முன்னாள் போராளிகளைப் பற்றியும் சொல்லாமல் விடக்கூடாது. வெல்டிங், வாகனத் திருத்தம், கட்டடம் என்று தொழில் தெரிந்தவர்கள் அவர்களில் நிறையப் பேர். வேலை கொடுக்க விரும்பும் முதலாளியும், விசாரணை என்று யாராவது வாசலில் வந்து நிற்பார்களோ என்று தயங்குகிறார். அந்தத் தயக்கத்தை நீக்குவது அரசின் கையில். அதற்குக் காசு தேவையில்லை. 2018இல் காலம் முடிந்த மாகாண சபைக்குத் தேர்தல் வைப்பதும் அப்படித்தான். இங்கே எதற்குக் காசு முதலில் போக வேண்டும் என்று முடிவெடுக்க இங்கே தெரிவான ஒரு சபை வேண்டும்.

இனி உங்கள் 15 இலட்சம். ஏஜென்சி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பதறும். 2022 நவம்பரில் கனடா என்று ஏறிய 303 பேர் நடுக்கடலில் தத்தளித்து வியட்நாமில் இறக்கப்பட்டதை மறந்துவிடாதீர்கள். ஐரோப்பா என்று கூட்டிப்போய் ரஷ்யப் படையில் விட்ட கதையும் அதற்குப் பிறகு வந்தது. போகத்தான் வேண்டுமென்றால் நேர்வழி இருக்கிறது. கொரியாவுக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் வழியாகத்தான் போகலாம், மொழிப் பரீட்சை பாஸ் பண்ண வேண்டும், இடைத்தரகருக்கு அங்கே இடமே இல்லை. வடக்குப் பிள்ளைகள் இந்தப் பரீட்சையைப் போதியளவு கவனிப்பதில்லை.

இருப்பதென்றால், பான்சிக் கடையும் கொமினிக்கேசனும் போட வேண்டாம், ஓட்டோ லீசிங்கும் வேண்டாம். நீங்கள் கலைப் பட்டதாரி, எழுத வாசிக்கத் தெரிந்தவர். இங்கே கை வேலை தெரிந்த பெடியளிடம் இல்லாதது அதுதான். குளிரூட்டி பூட்டுகிற ஒருவரை எனக்குத் தெரியும், அருமையான வேலைக்காரர். ஹோட்டலும் வங்கியும் அவரிடம் விலைமனு கேட்கும், பற்றுச்சீட்டுக் கேட்கும், பதிவு இலக்கம் கேட்கும். அவரிடம் ஒன்றும் இல்லை. அதனால் வேலையைக் கொழும்புக் கம்பனி எடுக்கும், அது இவரையே கூலிக்குக் கூப்பிட்டுச் செய்விக்கும். இப்படியான இரண்டு பேரைத் தேடிப் பிடியுங்கள். குளிரூட்டியோ, சூரிய மின்கலமோ, குளிரறைத் திருத்தமோ, நீங்கள் ஊரில் கேட்டுப் பார்த்து எதற்கு ஆள் கிடைக்கவில்லை என்று சனம் குறைப்படுகிறதோ அது. விலைமனு, கணக்கு, ரெண்டர், வாடிக்கையாளரோடு பேசுவது உங்கள் வேலை. ஆங்கிலத்தோடு பேச்சுச் சிங்களமும் பழகுங்கள், கொழும்பு வழங்குநரிடம் விலை பேச உதவும். பெயர்ப் பதிவைப் பிரதேச செயலகத்தில் செய்யலாம். ஒரேயொரு ஊழியர் இருந்தாலும் சேமலாப நிதி கட்டாயம், ஆகவே முதல் ஆளைச் சேர்க்கும் மாதத்திலேயே தொழில் திணைக்களத்தில் பதிந்துவிடுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து தனியார் துறை ஆகக்குறைந்த சம்பளம் 27,000 ரூபாவாகியது, பிறகும் கூட்டியிருக்கிறார்கள். அதற்குக் கீழே போகாதீர்கள். நல்ல ஆளை நிறுத்தி வைக்க அதைவிடக் கூடத்தான் கொடுக்க வேண்டி வரும்.

அண்ணனிடம் 15 இலட்சத்தையும் ஒரேயடியாக அனுப்பச் சொல்ல வேண்டாம். கருவிக்கும் மூன்று மாதச் சம்பளத்துக்கும் முதலில் ஐந்தாறு இலட்சம் போதும். மிச்சத்தை ஆறு மாதக் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு அவரே முடிவு செய்யட்டும். அப்புறம், அனுப்புவதை வங்கிக்கு வெளியே ஆள்வழி நடக்கிற உண்டியலில் அனுப்பாமல் உங்கள் தொழிலின் பெயரில் திறந்த வங்கிக் கணக்குக்கே அனுப்பச் சொல்லுங்கள். நாளைக்கு நீங்கள் கடன் கேட்டுப் போகும்போது, இரண்டு அரச உத்தியோகத்தரின் பிணைக்குப் பதிலாக மேசையில் வைக்க உங்களிடம் இருக்கப்போவது அந்தக் கணக்கின் கூற்றுத்தான்.